செழியன் என்று பெயர் வைக்கும் முன்: வேர் முதல் பிறப்புச் சான்றிதழ் வரை

ஆண் குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதைத் திறந்தாலும் செழியனுக்கு நேரே "வளமானவன்", "செழிப்பானவன்" என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டிருக்கும். அது பாதிதான் சரி. இந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. முதல் பட்டியலில் விழுந்த தப்பு அடுத்த பத்திலும் அப்படியே இருக்கும். ஒரு பெயரின் வேர் எது, அதை யார் யார் தாங்கினார்கள், இன்று எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதினால் என்ன ஆகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே நீங்களே பார்த்துவிடலாம். இங்கே செழியனை எடுத்துச் செய்து காட்டுகிறோம். மாறன், வளவன், பாரி, இனியன் எதுவானாலும் வழி இதுதான்.

முதலில் தமிழ் எழுத்து

ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு பொருள் தேட வேண்டாம். மாறன் என்றால் பாண்டியர் பெயர்களில் ஒன்று. மாரன் என்றால் மன்மதன். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பட்டியல்களில் இந்த இரண்டின் பொருளும் அடிக்கடி குழம்பிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

செழியனில் வருவது சிறப்பு ழகரம். பகுதியைப் பிரித்தால் செழி + அன். இகரத்தையும் அகரத்தையும் சேர்க்க நடுவில் ய் என்ற உடம்படுமெய் வருகிறது. 'பயிர் செழித்தது' என்கிறோமே, அதே செழிதான். 'செழுங்கிளை', 'செழுமை' எல்லாம் இந்த வேரின் கிளைகளே. அடுத்த வேலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் சொல்லைப் பார்ப்பது. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வந்த அந்த அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் செழியன் என்றால் பாண்டியன். வளம் என்பது வேர்ச்சொல்லின் பொருள்; பெயரின் பொருள் பாண்டிய மன்னன். பெயர்ப் பட்டியல்கள் வேரை மட்டும் எழுதிவிட்டு அரசனை விட்டுவிடுகின்றன. மற்ற திராவிட மொழிகளில் உறவுச் சொல் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. 1984இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள்.

"சுத்தத் தமிழ்ப் பெயர்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாமல் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்து இருக்கிறதா? ட, ர, ல போன்ற எழுத்தில் தொடங்குகிறதா? க், த், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடிகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது வேற்றுமொழிப் பெயராகவோ, தமிழ்ப் பெயரை நாகரிகத்துக்காக நறுக்கியதாகவோதான் இருக்கும். கார்த்திக், வினோத், அசோக் எல்லாம் இங்கேயே நின்றுவிடும். அதற்காக அந்தப் பெயர்களை வைக்கக் கூடாது என்பதில்லை, தமிழ் என்று சொல்லி வைக்க வேண்டாம் என்பதுதான். இன்னொன்று: இந்தச் சோதனையில் தேறிய எல்லாமே தமிழாகிவிடாது. மாரன் தேறும்; ஆனால் வடசொல். சோதனை வடிகட்டத்தான் பயன்படும், உறுதிசெய்ய அகராதிதான் வேண்டும்.

யார் தாங்கிய பெயர்

இந்தப் பகுதிக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். பெயருக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் வைத்துவிட்டு, பையன் பத்தாவதில் தமிழ்ப் பாடம் படிக்கும்போது தெரிந்துகொள்வதில் சுவாரசியம் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்கள் உரையோடு இருக்கின்றன; மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் மூலம் கிடைக்கும். பெயரை அங்கே தேடுங்கள்.

செழியன், வழுதி, மாறன், பஞ்சவன், தென்னவன் இவையெல்லாம் பாண்டியருக்கு வழங்கிய குடிப்பெயர்கள். தனி ஒருவனின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும், ஏனென்றால் செழியன் என்ற பெயரில் பல மன்னர்கள் இருக்கிறார்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் ஒருவன். மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுக்கும் பாட்டுடைத் தலைவன் இவன்தான். புறநானூற்றின் 72ஆம் பாட்டு இவனே பாடியது: போரில் பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று வஞ்சினம் கூறுகிறான். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் இன்னொருவன். "உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே" என்ற 183ஆம் புறப்பாட்டு இவன் பெயரில் இருக்கிறது. பெயர் சூட்டு விழா அழைப்பிதழில் ஒரு வரி போட வேண்டுமானால் இதைப் போடலாம், பொருத்தமாகவே இருக்கும்.

இருண்ட பக்கமும் உண்டு. கோவலனை விசாரிக்காமல் கொல்லச் சொன்ன சிலப்பதிகாரப் பாண்டியனும் நெடுஞ்செழியன்தான். அவனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டதாகச் சிலம்பின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. நகைத் தொழில் குடும்பத்தில் பெயர் தேடுகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விட்டவனும் அதே நெடுஞ்செழியன் என்பதால், பெரும்பாலானவர்கள் இந்தக் கதையைப் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நூலில் இருந்தால் போதாது, கல்வெட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். செழியனுக்கு இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து மாங்குளம் குகையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கணி நந்தன் என்ற சமண முனிவருக்கு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி அது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வழுதி என்பது பாண்டியர் குடிப்பெயர், ஆனால் இந்தக் கல்வெட்டில் அதைத் தாங்கி நிற்பவன் அரசனின் அலுவலன். அரச குடிப்பெயரைப் பிறரும் சூடிக்கொள்ளும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. "ராஜா பேரை நாம வைக்கலாமா" என்று தயங்கும் தாத்தாவிடம் இந்தக் கல்வெட்டைக் காட்டலாம்.

நடுவில் காணாமல் போனது, திரும்பி வந்தது

சங்க காலத்தில் இருந்த பெயர் இடையறாமல் இன்றுவரை வந்தது என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு வைத்தவை பெரும்பாலும் தெய்வப் பெயர்களும் குலதெய்வப் பெயர்களும்தான். செழியன், வளவன், சேரலாதன் எல்லாம் 20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கத்தோடும் திராவிட இயக்கத்தோடும் மீண்டவை. வேதாசலம் மறைமலை அடிகளானார், ராமையா அன்பழகனானார். திருக்கண்ணபுரத்தில் 1920இல் பிறந்த நாராயணசாமி, இரா. நெடுஞ்செழியன் ஆனார். அவருடைய தம்பி சீனிவாசன், நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் பேசிய இரா. செழியன். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பாண்டியன் பெயர்!

இதனால் பெயருக்கு ஓர் அரசியல் வாடை உண்டு. 'செழியனா, அப்பா கட்சிக்காரரா?' என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது தொந்தரவா பெருமையா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர்

"2024இன் முதல் 100 தமிழ்ப் பெயர்கள்" என்று வரும் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்கு ஆண்டுவாரியாகப் பெயர்க் கணக்கு வெளியிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸுக்கும் அப்படி உண்டு. தமிழ்நாட்டில் அப்படி வழக்கமாக வெளியிடப்படும் அரசுப் பட்டியல் கிடையாது. அந்தத் தளங்களில் இருப்பது, அந்தத் தளத்தில் யார் எதைச் சொடுக்கினார்கள் என்ற கணக்குத்தான்.

நம்மிடம் இருக்கும் நல்ல ஆதாரம் வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி, பாகம் வாரியாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் ஒரு பாகம், சொந்த ஊரில் ஒரு பாகம், பக்கத்து நகரத்தில் ஒரு பாகம் என மூன்று போதும். ஒரு பாகத்தில் ஆயிரம் பேர் அளவில் இருப்பார்கள். பக்கத்துக்கு 30 கட்டங்கள். கோப்பில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் அகப்படாது, கண்ணால்தான் ஓட வேண்டும். ஆண் பெயர்களை மட்டும் பார்த்தால் அரைமணி நேர வேலை. ஒரு தாளில் 18–25, 26–45, 46–60, அதற்கு மேல் என்று நான்கு பத்தி போட்டுக் குறியுங்கள். தந்தை பெயர் கட்டத்தையும் தனியாகக் குறியுங்கள். அதில் ஒரு தலைமுறை முந்தைய பெயர்கள் இனாமாகக் கிடைக்கின்றன.

குறித்து முடித்ததும் தலைமுறைகள் தானாகப் பிரிந்து தெரியும். மூத்தவர்களிடம் ஆறுமுகம், மாரிமுத்து, சுப்பிரமணி, கருப்பையா. நடு வயதில் செந்தில்குமார், சரவணன், ரமேஷ், சுரேஷ். இளையவர்களிடம் விக்னேஷ், பிரவீன், அஜித், ஹரிஷ். செழியன் தனியாக வருவது அரிது. நெடுஞ்செழியன், இளஞ்செழியன், தமிழ்ச்செழியன் என்று ஒட்டுப்பெயராகவே கண்ணில் படும், அதுவும் நடு வயதில். அதாவது வகுப்பில் "செழியன் கே", "செழியன் எம்" என்று எழுத்துப் போட்டுப் பிரிக்கும் நிலை உங்கள் பையனுக்கு வர வாய்ப்புக் குறைவு.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 18 வயதுக்குக் கீழ் யாரும் பட்டியலில் இல்லை. கடந்த பத்தாண்டின் மோகம் இதில் தெரியாது. அதற்குப் பக்கத்து மழலையர் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழையோ பரிசுப் பட்டியலையோ பாருங்கள். ஆதவ், அகரன், மகிழன், இனியன், ஆதிரன் வகையறா எவ்வளவு பெருகியிருக்கிறது என்று அங்கேதான் புரியும்.

வெளிநாட்டுத் தமிழர்கள் அரசுக் கணக்கைப் பார்க்கும்போது ஏமாறும் இடம் வேறு. அங்கே ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிப் பெயராக எண்ணப்படுகிறது. அமெரிக்கப் பட்டியலில் ஓராண்டில் 5 குழந்தைக்குக் குறைவான பெயர் ஏறாது, இங்கிலாந்துப் பட்டியலில் 3. செழியன் போல எட்டு விதமாக எழுதத்தக்க பெயர் அந்த வரம்புக்குக் கீழே சிதறிவிடும். பட்டியலில் இல்லை என்பதால் யாருக்குமே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

வாயில் போட்டுப் பாருங்கள்

மாடியிலிருந்து தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிடுங்கள். 'செழியா!' அன் விகுதிப் பெயர்களுக்கு இந்த வசதி உண்டு. கடைசி எழுத்து நீண்டு காற்றில் போகும். ஆதவ், கவின் போன்றவற்றைக் கூப்பிட்டால் சட்டென்று வெட்டி நிற்கும். வீட்டுச் செல்லம் 'செழி' என்று தானாகவே வந்துவிடும், தனியாக ஒன்று தேட வேண்டாம்.

ழகரம் எல்லார் வாயிலும் நிற்காது. தென் மாவட்டங்களில் 'செளியன்' என்பார்கள். வாழைப்பழத்தை வாயப்பயம் ஆக்கும் சென்னைப் பேச்சில் அது 'செயியன்' ஆகும். தாத்தா பாட்டியிடம் நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தினமும் கூப்பிடப் போகிறவர்கள் அவர்கள்தானே.

ஒட்டுப்பெயர் வைப்பதென்றால் புணர்ச்சியைச் சரியாக எழுதுங்கள். இளம் + செழியன் = இளஞ்செழியன்; 'இளன்செழியன்' தவறு. தமிழ் + செழியன் = தமிழ்ச்செழியன், நடுவில் ச் வேண்டும். பதிவு செய்யும் இடத்தில் விடுபடுவது பெரும்பாலும் இந்த மெய்யெழுத்துத்தான்.

நட்சத்திர எழுத்தும் ஆங்கில எழுத்தும்

ஜாதகம் பார்க்கிறவர்களுக்கு: பஞ்சாங்கத்தில் அசுவினிக்கு சு, சே, சோ, ல, 'சே' இரண்டாம் பாதம். ஆனால் பூரட்டாதி முதல் பாதத்துக்கும் 'ஸே' உண்டு. வடமொழியில் இவை இரண்டு ஒலி, தமிழில் இரண்டுக்கும் ஒரே சகரம். அதனால் செழியன் இரண்டு நட்சத்திரத்துக்கும் பொருந்தும் என்று ஒரு ஜோதிடரும், பொருந்தாது என்று இன்னொருவரும் சொல்வார்கள். உங்கள் ஜோதிடர் எந்த ஒலியைக் கொள்கிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் எஸ் போடுவதா, சி-எச் போடுவதா என்பது அதையே ஒட்டிப் போகும்.

எழுத்துக்கூட்டலில் மூன்று இடங்களில் பிரிவு வருகிறது. தொடக்கம் எஸ்ஸா, சி-எச்சா. ழகரத்துக்கு இசட்-எச்சா, எல்லா. நடுவில் ஒய் உண்டா, இல்லையா. இரண்டை இரண்டால் இரண்டு தடவை பெருக்கினால் எட்டு வருகிறது. எண்கணிதக்காரர் கடைசியில் இன்னோர் 'ஏ' சேர்க்கச் சொன்னால் இன்னும் பெருகும். பொதுவாழ்வில் இருக்கும் பெயர்களையே பாருங்கள்: நெடுஞ்செழியன் சி-எச், அவர் தம்பி இரா. செழியன் எஸ், 2024இல் அமைச்சரான கோவி. செழியன் சி-எச்சில் தொடங்கி, ஒய் இல்லாமல் இரண்டு 'ஏ' போட்டு முடிக்கிறார். அண்ணன் தம்பி எழுத்து மாறியதற்குக் காரணம் ஒலிதான்: நெடுஞ்செழியனில் ஞ் முன்னால் நிற்பதால் சகரம் வல்லென்று ஒலிக்கிறது, தனியாக நிற்கும் செழியனில் அது மெலிந்துவிடுகிறது.

எங்கள் பரிந்துரை: தமிழ்நாட்டில் தனிப்பெயராக வைத்தால் எஸ், இ, இசட், எச், ஐ, ஒய், ஏ, என். எட்டே எழுத்து, படிப்பவர் வாயில் 'செ' என்றே வரும். சி-எச் போட்டால் வெளி மாநிலத்தில் 'சேஜியன்', 'ச்செழியன்' என்று கேட்க நேரும். ஒட்டுப்பெயருக்கு மட்டும் சி-எச். ஒய்யை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கடைசியில் இரண்டு உயிரெழுத்து ஒட்டி நிற்கும், விண்ணப்பம் தட்டுபவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஒன்றை விழுங்கிவிடுவார்கள். எண்கணிதம் பார்ப்பதானால் பிறப்புப் பதிவுக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள்.

பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது தாய்க்குக் கிடைத்த ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பார்கள், அட்டையைக் கையோடு வைத்திருங்கள். அதற்குள் பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம் என்றாலும் அவ்வளவு விடக் கூடாது: 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு, அரசு மருத்துவமனையில் அங்கேயே இருக்கும் பதிவாளர். போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் தெளிவாக எழுதிய ஒரு துண்டுத் தாளைக் கொடுங்கள். வாயால் சொன்னால் ழகரம் ளகரமாகும், சில சமயம் லகரமும் ஆகும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், அப்பா அம்மா பெயர் உட்பட. எழுத்துப் பிழையைப் பிறகு ஆதாரம் காட்டித் திருத்தலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை, மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பதிவேட்டில் மாற்றித் தரமாட்டார்கள். அதற்கு எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும்.

தலைப்பெழுத்துத்தான் பெரிய வம்பு. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் கண்ணன் என்றால் பெயர் இடத்தில் செழியன், குடும்பப் பெயர் இடத்தில் கண்ணன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் 'செழியன் கண்ணன்' என்றே முதலிலிருந்து வைத்துவிட்டால் பிற்பாடு நோட்டரி வாசலில் நிற்க வேண்டாம். குடும்பப் பெயர் இடத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயராக எடுத்தவர்கள் சங்கடப்படுகிறார்கள்: ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமான எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தே பையனின் பெயராக அச்சாகி வரக்கூடும்.

இலங்கையில் அப்பா பெயர் முன்னால் வரும், கண்ணன் செழியன் என்று. ழகரத்துக்கு அங்கே 'எல்' போடுகிறவர்கள் அதிகம். மலேசியாவில் 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'ஏ/எல்' நடுவில் வரும். இந்த நாடுகளில் உறவினர் இருந்து, பிள்ளை நாளை அங்கே படிக்கப் போகலாம் என்று இருந்தாலும் எழுத்துக்கூட்டலை அங்கத்தைய வழக்குக்காக மாற்ற வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுவே எல்லா இடத்துக்கும்.